தொட்டியில் ஊறும் நெல்லும் இருப்புதான்

தென்காசியில் சாரல் இறங்கிவிட்டது. பேரருவியில் தண்ணீர் விழுகிறது என்ற செய்தி பரவியதும், குற்றாலத்துச் சிப்ஸ் கடைகளில் விடியுமுன்னே அடுப்பு மூட்டுகிறார்கள். பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்து அரிசி ஆலைகளில் பிசானப் பருவத்து நெல் அட்டி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருக்கிறது. செங்கோட்டை மர அறுப்பு மில்களில் தடிகள் மழையில் நனைந்து கிடக்கின்றன. கடையம், கடையநல்லூர் வட்டாரத்து வீடுகளில் பெண்கள் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை தொழிலும் ஒன்றன்பின் ஒன்றாக உற்பத்தித் திட்டமிடல் மென்பொருளுக்குள் வந்துகொண்டிருக்கும் காலம் இது. இந்த இதழின் ஆசிரியர் உரையை, அந்த மாற்றத்தின் முதல் நாள் வேலைக்கு ஒதுக்குகிறோம். ஏற்கெனவே கையில் இருக்கும் சரக்கையும், பாதியில் நிற்கும் உற்பத்தியையும் மென்பொருளுக்குள் ஏற்றும் வேலை அது.

மென்பொருள் என்றாலே சென்னை, பெங்களூரு என்று பேசிய காலம் இந்த ஊரில் முடிந்துவிட்டது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-லேயே அலுவலகம் திறந்தது. தென்காசி தனி மாவட்டமானதே அதற்கு எட்டு ஆண்டு கழித்து, 2019 நவம்பரில்தான். அந்த நிறுவனம் 2025-ல் ஈ.ஆர்.பி. மென்பொருளையும் கொண்டுவந்தது. டேலி இல்லாத கணக்கர் மேசை இந்த மாவட்டத்தில் அரிது. ஆகவே கருவிக்குப் பஞ்சமில்லை. அந்தக் கருவிக்குள் முதலில் எதை எழுதுகிறோம் என்பதில்தான் நம் தொழில் தடுமாறுகிறது.

உற்பத்தித் திட்டமிடலின் அடிப்படைக் கணக்கு எளிமையானது. என்ன வேண்டும், என்ன இருக்கிறது, என்ன வந்துகொண்டிருக்கிறது. இந்த மூன்றையும் கூட்டிக் கழித்தால் என்ன வாங்க வேண்டும் என்று தெரியும். ஜோசப் ஆர்லிக்கி 1975-ல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். பொருள் தேவைத் திட்டமிடல் என்ற துறை அந்த நூலை ஒட்டி வளர்ந்தது. இந்தக் கணக்கில் மென்பொருள் தானாகவே கண்டுபிடிக்க முடியாத முதல் எண் ஆரம்ப இருப்பு. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு எண்ணும் வரவு, செலவு, கூட்டல், கழித்தல். முதல் எண் பிசகினால் அதன்மேல் வரும் அத்தனை எண்ணும் பிசகும், அதுவும் தசம சுத்தமாக.

இந்தப் பாடத்தை நாடே ஒருமுறை சேர்ந்து படித்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, முந்தைய நாள் கையிருப்பில் அடங்கியிருந்த வரியைப் புதிய முறைக்குக் கொண்டுவர டிரான்-1 படிவம் தரப்பட்டது. ஜூன் 30 இரவில் குடோனில் என்ன இருந்தது, எந்த ரசீதில் வந்தது, அதில் அரைகுறையாக நின்றது எவ்வளவு என்ற கேள்விகளுக்குப் பதில் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். இணையதளக் கோளாறாலும் குறைபட்ட விவரங்களாலும் வரவு கிடைக்காதவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். ஐந்தாண்டு கழித்து, 2022-ல், உச்ச நீதிமன்ற உத்தரவால் அந்த வாசல் மறுபடி திறந்தது. ஒரே ஒரு நாளின் இருப்பு, ஐந்தாண்டு வழக்கு. அந்த வேலையை அன்று கையால் செய்தவர்கள் நம் வாசகர்களில் பலர். அந்த அனுபவத்தை நாம் ஏன் மறக்கிறோம்?

மறப்பதற்குக் காரணம் உண்டு. மென்பொருள் மாற்றத்தின்போது, பழைய ஸ்டாக் பதிவேட்டில் உள்ள நிலுவையை எக்ஸெலில் அடித்து அப்படியே ஏற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. பதிவேடு ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்திட்டது, பிறகென்ன என்ற நம்பிக்கை. ஆனால் ஆடிட்டரின் தேவை வேறு, திட்டமிடுபவரின் தேவை வேறு. கம்பெனித் தணிக்கை அறிக்கைக்கான காரோ 2020 உத்தரவுப்படி, ஒவ்வொரு வகைச் சரக்கிலும் மொத்தமாகப் பார்த்து 10 விழுக்காடோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தால்தான் தணிக்கையாளர் அதைக் குறிப்பிட வேண்டும். திட்டமிடலுக்கு அந்த மொத்தம் உதவாது. ஒரு ரகத்தில் 40 மூட்டை கூடுதல், இன்னொரு ரகத்தில் 40 மூட்டை குறைவு என்றால் மொத்தம் சரியாகவே இருக்கும். நாளை லாரி வந்து நிற்கும்போது குறைந்த ரகம்தான் வேண்டியிருக்கும். உற்பத்தித் திட்டமிடல் ஆலோசகர் ஆலிவர் வைட்டின் தர அட்டவணை இதை ரகம் ரகமாகத்தான் அளக்கிறது. அதில் முதல் வகுப்புக்கு இருப்புப் பதிவு 95 விழுக்காடு, பொருள் பட்டியல் (ஒரு சரக்கைச் செய்ய எது எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல்) 98 விழுக்காடு சரியாக இருக்க வேண்டும். எண்ணிய நூறு ரகங்களில் எத்தனை ரகம் பதிவோடு ஒத்துப்போகிறது என்பதுதான் அந்த அளவு. ரூபாய் மதிப்பு அதில் வராது.

அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். ஆலைப் பதிவேட்டில் இரண்டு பத்தி உண்டு: நெல், அரிசி. இடையில் நடப்பதற்குப் பத்தி கிடையாது. ஆனால் புழுங்கல் அரிசி ஆலையில் எந்த நாள் போய்ப் பார்த்தாலும் ஒரு பங்கு நெல் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும், ஒரு பங்கு அவியலில் இருக்கும், ஒரு பங்கு களத்திலோ டிரையரிலோ காய்ந்துகொண்டிருக்கும். நெல் பத்தியில் அது செலவாகிவிட்டது. அரிசி பத்தியில் இன்னும் வரவாகவில்லை. கணக்கில் அது எங்கேயும் இல்லை.

இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆலைக்கு 30 டன் அரிசிக்கு ஆர்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புழுங்கலுக்கு அரசுக் கொள்முதலில் கடைப்பிடிக்கும் 68 விழுக்காடு ஆக்கத்தை எடுத்தால், அதற்கு 44.1 டன் நெல் வேண்டும். தொட்டியிலும் களத்திலுமாக 20 டன் நெல் ஏற்கெனவே நடையில் இருந்தால், அதிலிருந்தே 13.6 டன் அரிசி வந்துவிடும். புதிதாக வேண்டியது 24.1 டன்தான். அந்த 20 டன்னை ஏற்றாத மென்பொருள், 44.1 டன் வாங்கச் சொல்லும். அது கணக்கில் தவறவில்லை. நாம் சொல்லாததை அது அறியாது, அவ்வளவுதான்.

சரி, அந்த 20 டன்னை எப்படி ஏற்றுவது? எடை மேடையில் வைத்து நிறுத்தால் அடுத்த தவறு நடக்கும். 14 விழுக்காடு ஈரப்பதம் உள்ள 1,000 கிலோ நெல்லில் உலர் பொருள் 860 கிலோ. அது ஊறி 30 விழுக்காடு ஈரத்தை எட்டும்போது எடை சுமார் 1,229 கிலோ ஆகிவிடும். 229 கிலோ தண்ணீரை நெல் என்று பதிவு செய்தால், அது காய்ந்ததும் குறைவாகத் தெரியும். எதிர்த்திசையிலும் இதே கதைதான். 17 விழுக்காடு ஈரத்தில் வாங்கிய 50 டன் நெல், 14-க்குக் காய்ந்தால் 48.26 டன் ஆகிறது. ஒன்றேமுக்கால் டன் காற்றில் போயிற்று. ஈரக்கழிவுக்கு இடம் வைக்காத மென்பொருள் அதைப் ‘பற்றாக்குறை’ என்று சிவப்பில் காட்டும். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் முதல் சந்தேகம் வாட்ச்மேன்மேல் விழும். குறைந்த சம்பளம் வாங்கும் மனிதர் ஒருவர், நாம் எழுதத் தவறிய ஒரு வரிக்காகத் திருட்டுப் பழி சுமக்கக் கூடாது. ஆகவே நெல்லை எந்த ஈரத்தில் நிறுத்தாலும், ஒரே ஈரத்துக்கு, அதாவது 14-க்கு, மாற்றிய எடையில் ஆரம்ப இருப்பை எழுத வேண்டும். தவிடு, உமி, குருணை மூன்றும் பொருள் பட்டியலில் உடன்விளைபொருளாக இருக்க வேண்டும். உமியைச் சொந்தப் பாய்லரிலேயே எரிக்கும் ஆலையில் அந்தச் செலவும் பதிவாக வேண்டும்.

பாதியில் நிற்கும் சரக்கை ஏற்ற மூன்று வழி உண்டு. சிறிய ஆலைக்குச் சிறந்தது முதல் வழி: மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே புது நெல் போடுவதை நிறுத்தி, தொட்டியையும் களத்தையும் காலியாக்கிவிடுவது. அன்று நெல், அரிசி இரண்டு எண் போதும். தொட்டியைக் காலியாக்க முடியாத ஆலைகளுக்கு இரண்டாவது வழி: ஊறல் நெல், அவித்த நெல், காய்ந்த நெல் என்று ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பொருள் குறியீடு கொடுத்து இருப்பாக எழுதுவது. மூன்றாவது, நடப்பில் உள்ள வேலை ஆணைகளைப் புதிய மென்பொருளில் திறந்து, செலவான பொருளை முன்தேதியில் வழங்கியதாகக் காட்டி, மீதி வேலையை மட்டும் நிலுவையாக விடுவது. ஒவ்வொரு ஆணைக்கும் தனிச் செலவுக் கணக்கு வைக்கும் பொறியியல் பட்டறைக்கு இது பொருந்தும். அரிசி ஆலைக்கு வீண் சிக்கல். எந்த வழியானாலும், ஆரம்ப இருப்பின் மறுபக்கப் பதிவு ஒரு தற்காலிகக் கணக்கில் விழ வேண்டும். ஐந்தொகையோடு சரிபார்த்ததும் அந்தக் கணக்கு பூஜ்யமாக வேண்டும். ஒரு ரூபாய் மிஞ்சினாலும் அங்கே சொல்லாமல் விட்டது ஏதோ இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது, வாசலுக்கு வெளியே இருக்கும் இருப்பு. பீடித் தொழிலில் உற்பத்தி நடக்கும் இடம் தொழிற்சாலை அல்ல, வீடு. பீடிக்கடையில் இலையும் தூளும் நூலும் வாங்கிக்கொண்டு போகும் பெண், சுற்றிய பீடியை 25 எண்ணிக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார். எந்த நாளில் எண்ணினாலும் நூற்றுக்கணக்கான வீடுகளில் கொஞ்சம் இலை, கொஞ்சம் தூள், கொஞ்சம் சுற்றிய பீடி இருக்கும். குடோனை மட்டும் எண்ணினால் அத்தனையும் விடுபடும். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு இருப்பிடம் உண்டாக்கி, அவருடைய பாஸ் புத்தகத்து நிலுவையை, அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவு செய்வதுதான் முறை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மென்பொருள் அமைக்கும்போது ஆயிரம் பீடிக்கு இத்தனை கிராம் இலை, இத்தனை கிராம் தூள் என்று ஓர் அளவு எழுதுகிறோம். நமக்கு அது தரவுத்தளத்தில் ஒரு வரி. சுற்றும் பெண்ணுக்கு அது கூலி. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் கோடையில் பறித்த இலை, ஆண்டு முழுவதும் மூட்டையில் கிடந்து இங்கே வருகிறது. நல்ல மூட்டையும் உண்டு, உலர்ந்து ஓட்டை விழுந்த மூட்டையும் உண்டு. மோசமான மூட்டையிலிருந்து ஆயிரம் பீடி தேறாதபோது, குறைந்த இலையைத் தன் காசில் வாங்கி நிரப்புவது அந்தப் பெண்தான். பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-ல் இயற்றப்பட்டபோதே, மூலப்பொருள் வழங்குவதிலும் பீடியைக் கழிப்பதிலும் எழும் தகராறுகளைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்த உண்மை, தரவு எழுதும் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிறந்த நாளின் சிறந்த இலையை வைத்து அளவு நிர்ணயித்தால், மற்ற நாளின் நட்டத்தை எல்லாம் திண்ணைக்குத் தள்ளிவிடுகிறோம். பல நாள், பல கைகள், பல மூட்டைகள் என்று எடுத்துப் பார்த்த சராசரியே அளவாக வேண்டும். இலையின் தரத்துக்கேற்ப அந்த அளவு மாறவும் இடம் வேண்டும்.

சங்கரன்கோவில் விசைத்தறிகளுக்கு ஜாப் ஒர்க்குக்குப் போகும் நூலிலும் இதே கவனம் தேவை. ஜி.எஸ்.டி. சட்டம் 143-ஆம் பிரிவின்படி, அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும். ஆரம்ப இருப்பு ஏற்றும்போது பலர் வெளியே உள்ள நூல் அனைத்துக்கும் மாற்ற நாளையே தேதியாகப் போட்டுவிடுகிறார்கள். அந்த நொடியில் ஓராண்டுக் கெடு கணினியில் புதிதாகத் தொடங்குகிறது, சட்டத்தில் தொடங்குவதில்லை. பழைய சலான் எண்ணும் தேதியும் அப்படியே வர வேண்டும்.

அளவு அலகைப் பற்றியும் சொல்ல வேண்டும். மர மில்லில் தடியை வாங்குவது சுற்றளவை நான்கால் வகுக்கும் பழைய கணக்கில். 48 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் கொண்ட தடி, அந்தக் கணக்கில் 10 கன அடி. உருளையின் உண்மைக் கனஅளவோ 12.73 கன அடி. அறுத்த பலகையை விற்பது நேர் கன அடியில். இரண்டுக்கும் ‘க.அ.’ என்ற ஒரே அலகைக் கொடுத்தால், சேதாரமே இல்லாமல் அறுத்ததாகக்கூட அறிக்கை வரும். தடிக்கும் பலகைக்கும் வெவ்வேறு அலகு கொடுங்கள். பெயர்களிலும் இதே ஒழுங்கு வேண்டும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம், ஓர் ஆலையின் பட்டியலிலேயே ‘ஏ.எஸ்.டி. 16’, ‘அம்பை 16’, ‘அ.16’ என்று மூன்று பொருளாக நிற்பதுண்டு. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்க, மென்பொருள் நான்காவதாக வாங்கச் சொல்லும். ஏற்றுவதற்கு முன் பெயர்களைத் துலக்குங்கள். இரண்டாண்டு அசையாத குறியீடுகளைப் பழைய கோப்பிலேயே விட்டுவிடுங்கள்.

இனி நாள் பார்ப்பது. ஏப்ரல் 1 என்பது நம் எல்லோருக்கும் கை பழகிய தேதி. ஆனால் அரிசி ஆலைக்கு அதைவிடக் கடினமான நாள் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் பிசான அறுவடை முடிந்து, குடோன் கூரையைத் தொடும் நாள் அது. அட்டியின் உள்வரிசை மூட்டைகளை யாரும் எண்ண முடியாது. கார்ப் பருவ அறுவடைக்கு முந்தைய ஆகஸ்டு கடைசியில் அதே குடோனில் நடக்க இடம் இருக்கும். சிப்ஸ், அல்வா போடும் குற்றாலத்துக் கடைகளுக்குக் கணக்கு வேறு. ஜூனில் தொடங்கும் சீசனும், கார்த்திகை, மார்கழி, தையில் வரும் ஐயப்ப பக்தர் கூட்டமும் போக, மாசி, பங்குனிதான் அவர்களுக்கு ஓய்வு. சட்டியில் கிடக்கும் எண்ணெயைக்கூட அப்போது அளக்கலாம். சீசனில் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999 ஜூலையில், அதாவது தன் பெரிய சீசனின் வாசலில், புதிய மென்பொருளுக்கு மாறியது. கிடங்கில் சாக்லேட் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை ஹாலோவீனுக்கு அனுப்ப முடியாமல் போனது. அருவியில் தண்ணீர் விழும் மாதத்தில் மென்பொருளை மாற்றச் சொல்லி எந்த விற்பனையாளர் வந்தாலும், நம் வாசகர்கள் மறுக்க வேண்டும். நிதியாண்டின் நடுவில் மாறுவதால் கணக்கருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. அந்த வேலை தாங்கக்கூடியது.

எண்ணும் நாளில் வரவும் செலவும் நிற்க வேண்டும். கடைசி வரவு ரசீது எண்ணையும் கடைசி டெலிவரி சலான் எண்ணையும் எழுதி ஒட்ட வேண்டும். எண்ணுபவர் கையில் பழைய நிலுவை இருக்கக் கூடாது. இருந்தால் கண் அந்த எண்ணைத்தான் எண்ணும். ஒரு குழு எண்ணியதை மற்றொரு குழு எண்ணட்டும். எண்ணிய அட்டையில் எண்ணியவர் கையெழுத்து இருக்கட்டும். ஏற்றிய பிறகு முதல் ஒரு வாரம், மென்பொருள் சொல்லும் கொள்முதல் பட்டியலை ஆர்டராக மாற்றாமல், மேஸ்திரியிடமும் குடோன் பொறுப்பாளரிடமும் காட்டுங்கள். “இது எதுக்கு இவ்வளவு?” என்று அவர்கள் கேட்கும் இடத்தில் பெரும்பாலும் ஆரம்ப இருப்பின் பிழை ஒளிந்திருக்கும். பிழை கண்டால் தனிச் சரிக்கட்டுப் பதிவாகத் திருத்துங்கள். முதல் எண்ணை அழித்து எழுதாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தடம் பதிய வேண்டும் என்பது விதி. விதி பொருந்தாத சிறு நிறுவனத்துக்கும் அது நல்ல பழக்கம்.

இத்தனைக்கும் அடியில் நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சித்திரை விசுவன்று மஞ்சள் தடவிய புதுக்கணக்கைத் திறந்தபோது, முதல் பக்கத்தில் என்ன எழுதுகிறோம் என்பதில் நம் முன்னோருக்கு ஓர் அச்சம் இருந்தது. பொய்யான நிலுவையோடு ஆண்டைத் தொடங்கக் கூடாது என்ற அச்சம் அது. மென்பொருளின் முதல் பதிவும் அந்த முதல் பக்கமே. எக்ஸெலைத் திறப்பதற்கு முன் ஒரு முழு நாளை ஆலையில் கழியுங்கள். தொட்டிக்குள் கைவிட்டு ஊறல் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு கட்டுக்கு எவ்வளவு இலை போகிறது என்று நிறுத்துப் பாருங்கள். அந்தச் சரக்கைத் தினமும் தொடுகிற கைகளுக்குத் தெரிந்த எண்ணும், நாம் கணினியில் எழுதும் எண்ணும் அன்று ஒன்றாக இருந்தால், அதற்குப் பிறகு அந்த மென்பொருள் சொல்வதை ஆலையில் எல்லோரும் நம்புவார்கள்.